சாய்தளமும் ஒரு சாவியும்

எனக்கு உதவி செய்யாமல் விட்டவர்கள் ராயபுரத்தில் யாருமே இல்லை. கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்கிற கெட்ட பழக்கம் எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கிடையாது. பஸ் ஸ்டாப்பில் நின்றால், எங்கே போகிறேன் என்று விசாரிக்காமலேயே வந்த பஸ்ஸில் தூக்கி ஏற்றிவிடுவார்கள். அப்படி நான் போகத் தேவையில்லாத பல இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை கொடுங்கையூர் வரைக்கும் போய், குப்பை எரிகிற புகையில் இருமிக்கொண்டே திரும்பி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்தால், முன்பின் தெரியாத அம்மாக்கள் என் இடது காலைத் தொட்டு ஜெபம் சொல்லிவிட்டு, பலன் தெரிகிறதா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது போலியோ வந்து சூம்பிப்போன கால் அது. "கொஞ்சம் பரவால்ல ஆன்ட்டி" என்று சொல்லிவிடுவேன். காலையில் சாப்பிடாமல் பூசைக்கு வந்தவர்கள், அவர்களுக்கும் ஒரு திருப்தி வேண்டாமா?

அப்பா துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்தார். பி.ஏ. முடித்ததும் போதும் என்றுதான் உறவுக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அப்பா மட்டும், "நீ மேல படிம்மா. படிக்கறதுக்கு மூளைதான் வேணும், கால் எதுக்கு?" என்றார். பாவம், அவர் கல்லூரிகளைப் பார்த்ததில்லை.

இரண்டாயிரமாவது வருடம் பிறந்து, கம்ப்யூட்டர்கள் எல்லாம் வெடித்து உலகம் அழியப்போகிறது என்று பயந்தவர்கள் ஏமாந்துபோயிருந்த சமயம். டோல்கேட்டில் இறங்கி உள்ளே போனால் வரும் ஒரு பழைய கல்லூரியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். வரலாற்றுத் துறை இரண்டாவது மாடியில் இருந்தது. பிரின்சிபால் என் காலையும், அதில் மாட்டியிருந்த இரும்பு காலிப்பரையும், அக்குளில் இருந்த ஊன்றுகோலையும் வரிசையாகப் பார்த்தார்.

"ஏறிடுவீங்கல்ல?"

"ஏறிடுவேன் சார்."

"வெரி குட். வில் பவர்! உங்கள மாதிரி பொண்ணுங்க படிக்க வர்றது இந்தக் காலேஜுக்கே பெருமை."

என்னைப் போன்றவர்களின் வில் பவரை நம்பித்தான் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வைக்காமல் விட்டிருந்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, மறுகையால் ஊன்றுகோலை மேல் படியில் வைத்து, காலிப்பர் காலை இழுத்துப் போட்டு ஏறுவேன். திருப்பத்தில் கைப்பிடியே இருக்காது. இரும்பு நல்ல விலைக்குப் போகிற ஊர், யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அங்கே சுவரைத் தடவிக்கொண்டு போவேன். எதிரே இறங்கி வருகிற பையன்கள் சட்டென்று பேச்சை நிறுத்தி, சவ ஊர்வலத்துக்கு ஒதுங்குவது போல ஓரமாக நிற்பார்கள். அந்த மரியாதை உயிரோடு இருக்கிற எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

வகுப்பில் என்னைத் தவிர இன்னொரு பெருமையும் இருந்தது. பிறவியிலேயே கண் தெரியாதவன். அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் வள்ளூரிலிருந்து, கரித்தூள் படிந்த சட்டைக் காலரோடு தினமும் மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தான். மற்றவர்கள் எல்லாரும் என் காலைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்த முதல் வாரத்தில், அவன்தான் என் பெஞ்சுப் பக்கம் திரும்பி நேராகக் கேட்டான்.

"இன்னாமே, கால்ல இன்னாத்த மாட்டிகினு வர்ற? டக்கு டக்குன்னு சத்தம் கேக்குது."

"காலிப்பர். போலியோ."

"ஓ. எனக்குக் கண்ணு."

"தெரியுது."

"உனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவனே சத்தமாகச் சிரித்தான். வகுப்பே திகைத்துப்போனது. ஊனத்தை வைத்து ஊனமுற்றவர்களே சிரிப்பது அவர்களுக்கு ஒழுங்கீனமாகப் பட்டிருக்க வேண்டும்.

அதன்பிறகு நாங்கள் சேர்ந்தே போனோம், வந்தோம். என் பையை அவன் மாட்டிக்கொள்வான். என் தோளில் ஒரு கை வைத்திருப்பான். சாக்கடை மூடி எங்கே திறந்திருக்கிறது, கன்டெய்னர் லாரி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நான் சொல்லிக்கொண்டே வருவேன். இந்தக் காட்சியைப் பார்த்து ஒரு விரிவுரையாளர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகக் கேள்வி. காது கொடுத்து அவர் எங்கள் உரையாடலைக் கேட்டிருந்தால் கண்ணீர் நின்றிருக்கும்.

"ஆம மாதிரி போறியே, ட்ரெயினு போய்டும்மே!"

"அப்ப நீ ஓடு. அதோ, எதிர்ல ட்ரெய்லர் ஒண்ணு வந்துகினு கீது, அதுல போய் முட்டிக்கோ."

பாடப் புத்தகங்களை நான் கேசட்டில் படித்துப் பதிவு செய்து கொடுப்பேன். அதற்கு நன்றி என்றெல்லாம் அவன் சொன்னதில்லை. "நிலவரி முறையில நாலு தபா கொட்டாவி வுட்டுகிற. அதையும் சேத்து மனப்பாடம் பண்ணி வச்சிகீறேன், பரீட்சையில எழுதவா?" என்று கேட்டான்.

இதற்கிடையில் நான் ஒரு சொந்தத் திட்டத்தையும் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவிகளுக்கான கழிப்பறை, மைதானத்தைத் தாண்டி, கலையரங்கத்துக்குப் பின்னால் இருந்தது. போவதற்கே ஒரு பயணம். போனால் உயரமான படி, பாசி பிடித்த தரை, தாழ்ப்பாள் இல்லாத கதவு. குத்துக்கால் போட்டு உட்கார வேண்டிய இடத்தில் காலிப்பர் மாட்டிய கால் மடங்காது. சேர்ந்த புதிதில் ஒருமுறை போய், வழுக்கி, சுவரைப் பிடித்துத் தொங்கி, அழுதுவிட்டு வந்தேன். அன்றோடு பிரச்சினையை வேரோடு தீர்த்துவிட்டேன். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். காலையில் அரை டம்ளர் காபி, மறுபடி வீட்டுக்குப் போய்த்தான் தண்ணீர். அம்மாவுக்குத் தெரியாமலிருக்க பாட்டில் நிறையத் தண்ணீர் எடுத்துப்போவேன். அதை மதியச் சாப்பாட்டின்போது அவன் குடித்துத் தீர்ப்பான்.

ஒருநாள் குடித்துக்கொண்டே நிறுத்தினான். "உன் பாட்டிலு எப்பவும் ரொம்பியே கீது. நீ குடிக்கவே மாட்டியா?"

"தாகமில்ல."

"இந்த வெயில்லயா?"

"டேய், கம்முனு குடி."

பாட்டிலை மூடி என் பக்கம் வைத்தான். பிறகு, "பொண்ணுங்க பாத்ரூமு எங்க கீது?" என்றான்.

"உனக்கு எதுக்கு?"

"எனக்கு இல்லமே, உனக்கு."

நான் டிபன் பாக்ஸை மூடுவதில் மும்முரமாகிவிட்டேன். வீட்டில் அம்மாவிடம்கூட அதைப் பேசியதில்லை. ஒரு ஆண்பிள்ளையிடம் எப்படிப் பேசுவது?

அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஏதோ உத்தரவு வந்தது. ஊனமுற்ற மாணவர்களுக்காக ஒவ்வொரு கல்லூரியும் நலக்குழு அமைக்க வேண்டுமாம். எங்கள் கல்லூரியும் அமைத்தது. பிரின்சிபால் தலைவர். உடல் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் உடற்பயிற்சி ஆசிரியர் உறுப்பினர். கட்டடம் சம்பந்தப்பட்டிருக்கலாம் என்பதால் இயற்பியல் துறைத் தலைவர். இப்படி எல்லாம் யோசித்துப் போட்டிருந்தார்கள். பெண்கள் யாரும் இல்லை. கூட்டம், அலுவலகக் கட்டடத்தின் மாடியில். நான் எங்கள் மாடியிலிருந்து இறங்கி, மைதானத்தைச் சுற்றிப் போய், அந்த மாடிக்கு ஏறுவதற்குள் சமோசாக்கள் முடிந்து, தீர்மானங்களுக்கு வந்திருந்தார்கள்.

"வாம்மா, வாம்மா. உனக்காகத்தான் இவ்ளோ பேரும் உக்காந்திருக்கோம்" என்றார் பிரின்சிபால். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். "சொல்லு, உனக்கு என்ன குறை இந்தக் காலேஜுல?"

கோட்டும் டையுமாக ஆறேழு ஆண்கள். கழிப்பறை என்ற சொல் தொண்டை வரை வந்து திரும்பிப் போய்விட்டது. "ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த வள்ளூர்க்காரன் எழுந்தான். "சார், அது தண்ணியே குடிக்கறதில்ல சார்."

"என்னப்பா?"

"பாத்ரூமு தூரமா கீது சார். படி கீது. உக்கார முடியல. அதனால காலைலேந்து சாயங்காலம் வரிக்கும் தண்ணி குடிக்கறதில்ல. எல்லாத்தையும் நான்தான் குடிக்கறேன்."

எனக்கு அந்த மாடி இடிந்து விழுந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் ஜன்னல் வழியாக வாலிபால் கோர்ட்டைப் பார்க்க ஆரம்பித்தார். இயற்பியல் துறைத் தலைவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். பிரின்சிபால்தான் முதலில் சுதாரித்தார்.

"அதெல்லாம் லேடீஸ் மேட்டர். அப்புறம் தனியா பேசிக்கலாம். இப்ப, ரேம்ப் ஒண்ணு கட்டலாம்னு ஒரு யோசனை…"

தனியாகப் பேசிக்கொள்ளும் அந்த அப்புறம் வரவே இல்லை. சாய்தளம் வந்தது.

கீழே இறங்கியதும் அவனைத் திட்டித் தீர்த்தேன். "மானத்த வாங்கிட்டியேடா! உன்ன யார்டா சொல்லச் சொன்னா?"

"நீ சொல்லல. நானும் சொல்லலன்னா யாரு சொல்வா? எனக்கு அவுங்க மூஞ்சி தெரியாது, அதனால சொல்லிட்டேன்" என்றான். ஒரு வாரம் நான் அவனோடு பேசவில்லை. அவன் பாட்டுக்கு என் பையை மாட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

சாய்தளத்தை எங்கே கட்டுவது என்று எங்கள் இருவரையும் கேட்டுச் சிரமப்படுத்தவில்லை. அலுவலகக் கட்டடத்தின் முன்வாசலில் கட்டினார்கள். அங்கேதான் போட்டோவுக்கு வெளிச்சம் நன்றாக விழும். இடம் போதாததால் நீளத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டியிருந்தார்கள். கட்டியவர் ரசனைக்காரர். முழுவதும் பளபளவென்று வழவழ டைல்ஸ் பதித்திருந்தார். வேலை முடிந்த மறுநாளே பையன்கள் அதற்கு சறுக்குமரம் என்று பெயர் வைத்து, நோட்டுப் புத்தகத்தின் மேல் உட்கார்ந்து சறுக்க ஆரம்பித்தார்கள். அந்த வகையில் அது நல்ல பயன்பாட்டில் இருந்தது.

திறப்பு விழாவுக்கு வாழைமரம், மைக் செட், ரோஜா மாலை எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. ஒரு சேவைச் சங்கம் எனக்குச் சக்கர நாற்காலி ஒன்றைப் பரிசளித்தது. சிறப்பு விருந்தினர் ரிப்பன் வெட்டினார்.

"எனக்கு நடக்க வரும் சார். நாற்காலி வேணாம்" என்று உடற்பயிற்சி ஆசிரியரிடம் சொன்னேன்.

"ஃபோட்டோவுக்கு மட்டும் உக்காரும்மா. பெரிய மனுஷங்க வந்திருக்காங்க."

உட்கார்ந்தேன். என்.சி.சி. மாணவர்கள் இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். பாதி தூரம் ஏறியதும் அவர்களின் பூட்ஸ் டைல்ஸில் வழுக்கியது. நாற்காலி மெதுவாகப் பின்னோக்கி வர ஆரம்பித்தது. கூட்டத்தில் யாரோ "யம்மா!" என்று கத்தினார்கள். நான் இரண்டு பக்கக் கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டு, பிடரியில் எழுகிற பயத்தோடு, எதிரே நின்ற விருந்தினரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் நான்கு பேர் ஓடி வந்து, என்னை நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். ஒரே கைதட்டல். ஊனமுற்றோர் வாழ்வில் இன்று ஒரு பொன்னாள் என்று விருந்தினர் பேசினார். பிறகு சக்கர நாற்காலி காணாமல் போய்விடக் கூடாது என்று பிரின்சிபால் அறையில் பூட்டி வைத்தார்கள். கடைசிவரை பத்திரமாக இருந்தது.

விழா மதியம் தாண்டித்தான் முடிந்தது. வெயிலில் உட்கார வைத்திருந்தார்கள். ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள், நான் வாங்கி அவனிடம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வரும்போதே அடிவயிற்றில் குத்தல். சாயங்காலம் குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. அப்பா ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றி, கிட்னி வரை ஏறிவிட்டது என்றார்கள்.

"தண்ணி குடிக்கறதுக்கு உனக்கு என்ன கஷ்டம்? படிச்ச பொண்ணுதானே?" என்று திட்டினார் டாக்டரம்மா. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் எனக்கு ஏற்றிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கிண்டல் எதுவும் தோன்றவில்லை. செத்துப்போய்விடுவேனோ, அதுவும் இதற்காகவா என்று பயமாக இருந்தது. கல்லூரியை விட்டுவிடலாம் என்று தீர்மானித்து, அப்பாவிடம் சொல்லியும் விட்டேன். அவர் வார்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் எங்கள் வரலாற்றுப் பேராசிரியை வந்து நின்றார். நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. துறையிலேயே கடுகடுப்பானவர் அவர். மற்றவர்கள் என் விடைத்தாளுக்கும் காலுக்கும் சேர்த்து மார்க் போடுவார்கள். அவர் மட்டும் விடைத்தாளுக்கு மட்டும் போட்டார். ஆகவே மிகவும் குறைவு. கனத்த உடம்பு, இரண்டு முட்டியிலும் வலி. மாடிப்படியில் நானும் அவரும் தினமும் ஒரே வேகத்தில் ஏறுவோம். ஆனால் ஒரு வார்த்தை பேசமாட்டார், மூச்சு விடவே நேரம் சரியாக இருக்கும்.

"அந்தப் பையன் எல்லாத்தையும் சொன்னான்" என்றார் உட்காராமலேயே. "நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மேம், வெக்கமா இருந்துச்சு."

"வெக்கமா? நல்லா இருக்கு. மொகலாயர் வீழ்ச்சிக்குக் காரணம் மூணு பக்கம் எழுதத் தெரியுது. ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லத் தெரியல."

பக்கத்துக் கட்டில் பாட்டியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, வயிறு வலித்தது.

"நான் காலேஜுக்கு வரப்போறதில்ல மேம்."

"அது உன் இஷ்டம். அசைன்மென்ட் பாக்கி இருக்கு, அதை மட்டும் குடுத்துட்டு நின்னுக்கோ" என்று சொல்லிவிட்டு, கொண்டு வந்த சாத்துக்குடியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அசைன்மென்ட் கொடுக்கத்தான் போனேன். கீழேயே வள்ளூர்க்காரன் நின்றிருந்தான். "மேல போவாத. க்ளாஸு இங்க வந்துடுச்சி" என்றான். எங்கள் கட்டடத்தின் தரைத்தள வராந்தாவில், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தட்டுமுட்டுச் சாமான் போடுகிற அறை ஒன்று இருந்தது. உடைந்த பெஞ்சுகளை ஒரு மூலையில் அடுக்கி, மிச்சத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆண்டுவிழா நாடகத்தில் ராஜா உட்காரும் சிம்மாசனம் அந்த அறையில்தான் கிடந்தது. ஜிகினா உதிர்ந்த அந்தச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பேராசிரியை பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வேறு உறுதியான நாற்காலி கிடைக்கவில்லையாம்.

வாசலில் பிரின்சிபால் வந்து நின்றார். "மேடம், க்ளாஸ்ரூம் மாத்தறதுன்னா நலக்குழுவுல வச்சு, தீர்மானம் போட்டு…"

"வைங்க சார், போடுங்க. கூட்டம் மாடியிலதானே? எனக்கு முட்டி வலி, நான் வரல. நீங்க முடிவு பண்ற வரைக்கும் இங்க நடத்தறேன்."

"அந்தப் பொண்ணுக்காகப் பாவப்பட்டுச் செய்யறீங்க, புரியுது. ஆனா…"

"எனக்காகச் செய்யறேன் சார். அவளுக்கு ஒரு கால்தான் தகராறு, எனக்கு ரெண்டும்."

வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு ஒரு சாவியைக் கையில் வைத்தார். அதே வராந்தாவின் கோடியில் இருந்த, ஆசிரியைகளுக்கான கழிப்பறைச் சாவி. உள்ளே மேற்கத்திய பாணிக் கோப்பை, தாழ்ப்பாள், பிடித்துக்கொள்ள ஒரு குழாய். இவ்வளவு காலமும் நான் தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் படியேறப் போயிருக்கிறேன். அன்று மதியம் ஒரு பாட்டில் தண்ணீரையும் நானே குடித்தேன். வள்ளூர்க்காரன் கை நீட்டியபோது பாட்டில் காலி.

"இன்னாமே இது அநியாயம்?" என்றான்.

"இனிமே உன் தண்ணிய நீ எடுத்துகினு வா" என்றேன். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அவன் பேச்சை மாற்றி, சாப்பாட்டில் இருந்த நெத்திலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

ஆசிரியைகளின் ஓய்வறையில் பெரிய சண்டை நடந்ததாம். மாணவிக்குச் சாவி கொடுத்தால் கௌரவம் என்ன ஆவது என்று ஒருவர் கேட்டாராம். "கௌரவத்த நீங்க அங்கயா வச்சிருந்தீங்க?" என்று பேராசிரியை திருப்பிக் கேட்டாராம். சாவி என்னிடமே இருந்தது. அதோடு என் சமூக அந்தஸ்தும் உயர்ந்துவிட்டது. அதுவரை என்னைப் பார்த்து உச்சுக் கொட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து காதோடு பேச ஆரம்பித்தார்கள். மாதவிலக்கு நாளில் ஒருத்தி, கல்யாணமாகி மாசமாக இருந்த இன்னொருத்தி, பாஸ்கெட்பால் ஆடிக் காலில் மாவுக்கட்டு போட்டவள் ஒருத்தி. "அக்கா, ப்ளீஸ் அக்கா, அஞ்சு நிமிஷம்." கல்லூரி பூராவும் பெண்கள் என்னைப் போலவே தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார்கள். ஊனம் எனக்குத்தான் என்று நலக்குழு தப்பாக எடுத்துக்கொண்டிருந்தது. நான் சாவியை யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. அவசரத்தில் நிற்பவளின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கடைசி வருடப் பல்கலைக்கழகத் தேர்வு வந்தது. கண் தெரியாதவனுக்குச் சொல்வதைக் கேட்டு எழுத ஆள் தர வேண்டும் என்று விதி. நலக்குழு மறுபடி சுறுசுறுப்பானது. சிறப்புக் கவனிப்பு என்று எங்கள் இருவரையுமே ஒரு தனி அறையில் போட்டுவிட்டார்கள். எனக்குத் தனி அறை எதற்கு என்று கேட்டேன். எழுதப்போவது கையால் அல்லவா? "ரெண்டு பேருமே அந்தக் கேட்டகரிதானேம்மா" என்றார்கள். ஆக, ஒரு மூலையில் நான் வாய்மூடி எழுதிக்கொண்டிருக்க, எதிர் மூலையில் வள்ளூர்க்காரன் எல்லா விடைகளையும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். காப்பியடிப்பதற்கு இதைவிடச் செம்மையான அரசாங்க ஏற்பாட்டை நான் கண்டதில்லை. மேற்பார்வைக்கு வந்தவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

எழுத வந்தவன் முதலாண்டு காமர்ஸ் பையன். வரலாறு தெரியாதவனாக இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை முழுமையாகக் கடைப்பிடித்திருந்தார்கள்.

"ரயத்வாரி முறையின் குறைபாடுகள்… எழுதிகினியா?"

"அண்ணே, ரயத்வாரின்னா சின்ன ர-வா, பெரிய ற-வா?"

"சின்னது."

"யாரு அவுரு?"

"ஆளு இல்லடா, வரி! நீ எழுது."

கொஞ்ச நேரம் கழித்து எழுதுகிற சத்தம் நின்றது. "அண்ணே, இவ்ளோ பெருசா வேணுமா? நான் சுருக்கமா போட்டுட்டேன்."

"இன்னா போட்ட?"

"'விவசாயிகள் கஷ்டப்பட்டார்கள்'னு போட்டேன்."

நான் பேனாவை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். வள்ளூர்க்காரன் சிரிக்கவில்லை. இரண்டு வருடம் கேசட் தேயத் தேயக் கேட்டுப் படித்ததெல்லாம் அந்த இரண்டு சொல்லில் அடங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று. அவன் மெதுவாகத்தான் பேசினான்.

"தம்பி, நான் சொல்றத அப்டியே எழுது. தப்பா இருந்தா அது என் தப்பு. என் தப்ப நீ பண்ணாத, இன்னா?"

அந்தப் பையன் பயந்துபோய், அதன்பின் இருமலைத் தவிர எல்லாவற்றையும் எழுதினான். மணி அடித்தபோது அவனுக்குக் கை வீங்கியிருந்தது. வெளியே வந்ததும் வள்ளூர்க்காரன் அவனுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான்.

ரிசல்ட் வந்தது. இருவருமே தேறினோம். அந்தத் தாளில் அவன் என்னைவிட அதிக மதிப்பெண். அத்தனை விடையையும் நான் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தும்! "காதுல வுழுந்தும் எழுதலன்னா நீ யோக்கியமா, இல்ல மக்கா?" என்று கேட்டான். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு உரக்கச் சொன்னானோ என்று அப்போதுதான் யோசித்தேன். கேட்டால் மழுப்பிவிட்டான்.

கல்லூரி மலரில் சாய்தளத்தின் படத்தைப் போட்டு, எங்கள் தேர்ச்சிக்கு நலக்குழுவின் அயராத உழைப்பே காரணம் என்று எழுதியிருந்தார்கள். பேராசிரியை அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "எழுத்துப்பிழை ரெண்டு இருக்கு" என்றதோடு சரி. அடுத்த வருடம் அவர் முட்டி அறுவைச் சிகிச்சைக்காக விருப்ப ஓய்வில் போனார். பார்க்கப் போனால் இன்றும் காபி கொடுத்துவிட்டுத் திட்டுவார்.

நான் பி.எட். முடித்து, திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை ஆனேன். வகுப்பு தரைத்தளத்தில்தான் வேண்டும் என்று வேலைக்குச் சேரும் முன்பே வாயைத் திறந்து கேட்டுவிட்டேன். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

வள்ளூர்க்காரனுக்கு மீஞ்சூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. சேர்ந்த வாரம் போன் செய்தான். முதல் நாள் ஒன்பதாம் வகுப்புக்குப் போயிருக்கிறான். கண் தெரியாத வாத்தியார் என்று தெரிந்ததும் பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓசைப்படாமல் ஒவ்வொருவராக நழுவியிருக்கிறார்கள். இவன் பாட்டுக்கு ஹைதர் அலி படையெடுத்து வந்ததை உச்சக் குரலில் நடத்திக்கொண்டிருந்திருக்கிறான்.

"ஒருத்தனும் இல்லன்னு எப்படா தெரிஞ்சிச்சி?" என்று கேட்டேன்.

"ஆரம்பத்துலயே தெரிஞ்சிடுச்சி. முப்பது புள்ளைங்க இருந்தா ஒண்ணாவது தும்மும்ல?"

"அப்புறம் ஏன்டா நடத்துன?"

"வெளிய ஜன்னலுக்குக் கீழ உக்காந்துகினு ரெண்டு பேரு கேட்டுகினு இருந்தானுங்கமே. பாதியில வுட்டா பாவம், அவனுங்களுக்குச் சண்டையில யாரு ஜெயிச்சான்னு தெரியாமப் போய்டும்."

மறுநாள் நாற்காலியை வாசலுக்கு நடுவே போட்டு உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்தினானாம். யாரும் வெளியே போகவில்லை. போதாததற்கு, பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் கதை கேட்க உள்ளே வர முடியவில்லை என்று ஹெட்மாஸ்டரிடம் புகார் சொல்லியிருக்கிறார்கள்.